கடைசிப் பிள்ளைக்கு என்ன வயசு?

எங்கள் அண்ணி அல்டியாவுக்குப் பயம் என்று ஒன்று இருந்ததென்றால் அது எங்கள் பங்குப் பாதிரியார் வெய்யோ சாமியாரின் ஒரே ஒரு கேள்விக்குத்தான். பசுவுக்குக் கன்று குறுக்கே மாட்டிக்கொண்டால் முழங்கை வரை கையை விட்டுத் திருப்பி இழுப்பாள். குதிரை மிரண்டால் கடிவாளத்தைப் பிடித்து நிறுத்துவாள். அப்படிப்பட்டவள் கோவிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனக் கூண்டை நினைத்தால் மட்டும் வெளிறிப்போவாள்.

அவள் மட்டுமா? கியூபெக் பக்கத்து எங்கள் சேன்-வெனான்ஸ் பங்கில் கல்யாணமான எவளைக் கேட்டாலும் சொல்வாள். கூண்டுக்குள் முழங்காலில் இருந்து, பிள்ளைகளைச் சபித்தேன், பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிப் புறணி பேசினேன், கறி ஆகாத வெள்ளிக்கிழமையை மறந்து பன்றிக்கொழுப்பு போட்ட பட்டாணி சூப்பை ருசி பார்த்தேன் என்று எல்லாவற்றையும் கொட்டி முடித்த பிறகு, வலைத்தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும். "கடைசிப் பிள்ளைக்கு என்ன வயசு, மகளே?" கைக்குழந்தை என்றால் சரி. வயிற்றில் ஒன்று இருக்கிறது என்றால் ரொம்பச் சரி. இரண்டு வயது தாண்டிவிட்டது என்று சொல்லிப்பாருங்கள், வந்தது வினை. "ஏன் அடுத்தது வரலை?" என்பார். பதில் பிடிக்காவிட்டால் பாவப்பொறுத்தல் கிடையாது, போய் வா.

நான் லியோக்கடி, அல்டியாவின் நாத்தனார். கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவள், ஊருக்கெல்லாம் துணி தைத்துக்கொண்டு அண்ணன் வீட்டு மாடியில் இருக்கிறேன். என்னிடம் அந்தக் கேள்வி வராது. என் நாக்கைப் பற்றித்தான் கேட்பார். அதற்குப் பதில் சொல்லி முடிக்கவே எனக்கு நேரம் போதாது.

அண்ணியின் கடைசிப் பிள்ளை மூன்றைத் தாண்டிவிட்டது. அது பிறந்த அன்று ரத்தம் நிற்கவே இல்லை. வெய்யோ சாமியாரே பனியில் ஓடிவந்து, சாகக் கிடக்கிறவர்களுக்குக் கொடுக்கிற அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார். எப்படியோ பிழைத்துக்கொண்டாள். டாக்டர் கிளம்பும்போது என் அண்ணன் எல்ஃபேஜைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டு, "இன்னொண்ணு வந்துச்சுன்னா இவ இருக்கமாட்டாப்பா. வெளையாட்டில்ல" என்றார். அடுப்படியில் நின்று நானும் கேட்டேன். அன்றிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் ஜாக்கிரதையாக இருந்தார்கள். எப்படி என்று விளக்க எனக்கு வாய் வராது, கல்யாணமானவர்களுக்குத் தெரியும். ஒன்று மட்டும் சொல்கிறேன், அதில் ஜாக்கிரதையாக இருக்கவேண்டியவன் ஆண்பிள்ளைதான். ஆனால் அது நரகத்துக்கு இழுக்கிற சாவான பாவம் என்றும், அதற்குப் பதில் சொல்லவேண்டியவள் பெண்பிள்ளை என்றும் எங்கள் ஊரில் வழக்கம். அண்ணன் கூண்டுக்குள் போவான், பொடி போடுவதற்குள் வெளியே வந்துவிடுவான். எங்கள் ஊர் வழக்கப்படி கோவில் பாத்திரங்களின் பேரை வசவாகச் சொல்லிக் குதிரையைத் திட்டினேன், இரண்டு கோப்பை அதிகம் குடித்தேன். அவ்வளவுதான் அவன் பாவம். அவனிடம் யாரும் பிள்ளை வயதைக் கேட்டதில்லை.

இது நடந்ததற்கு முந்தின வருஷம், நோன்பிருக்கும் தபசு காலத்தில் கியூபெக் நகரத்திலிருந்து ஒரு சந்நியாசி வந்து தியானம் கொடுத்தார். பெண்களெல்லாம் அவர் கூண்டுக்கு முன்னால் முண்டியடித்தார்கள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வருஷம் தப்பித்தாயிற்று. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தோராம் வருஷம் சந்நியாசி யாரும் வரவில்லை.

ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாள் கழிந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பாவசங்கீர்த்தனம் பண்ணி, பூசையில் நாக்கை நீட்டித் திருவப்பமான நன்மை வாங்கியாகவேண்டும், அது எல்லாருக்கும் உள்ள கடன். கடைசி நாள் வரை இழுத்தடித்து வாங்குகிறவர்களை எங்கள் பக்கம் 'நரிப் பாஸ்கு' கொண்டாடுகிறவர்கள் என்று கேலி பண்ணுவோம். அதையும் தவறவிட்டால் கேலியில்லை, கேவலம். ஏழு வருஷம் தொடர்ந்து தவறவிட்டவன் ராத்திரியில் ஓநாயாகித் திரிவான் என்பதெல்லாம் பிள்ளைகளைப் பயமுறுத்தச் சொல்வது. பெரியவர்களுக்கு இருந்த பயம் வேறு. கடன் தீர்க்காமல் செத்தவர்களைக் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியேதான் புதைப்பார்கள். அண்ணியின் இரண்டு குழந்தைகள் அந்தத் தோட்டத்துக்குள் கிடக்கின்றன. தன்னை அவற்றின் பக்கத்தில் படுக்கவைக்கமாட்டார்களே என்பதுதான் அவளை அரித்தது.

பாஸ்கு வாரம் முழுக்க அவள் கோவில் பக்கம் ஒதுங்கவில்லை. வியாழக்கிழமை கடையில் பக்கத்து வீட்டு எக்ஸில்டா பிடித்துக்கொண்டாள். வருஷத்துக்கு ஒன்று பெறுகிறவள் எக்ஸில்டா. அந்த வருஷத்துப் பிள்ளை இடுப்பில் இருந்தது, அடுத்தது வயிற்றில்.

"என்ன அல்டியா, இந்த வருஷம் நரியோட சேந்துட்டியா? பாத்துக்கோடி, முதுகுல மயிர் மொளைச்சிரும்!"

கடையே சிரித்தது. அண்ணி சிரிப்பது போல் உதட்டை இழுத்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"உனக்கென்ன எக்ஸில்டா, உன்னை அவரு வயசு கேக்கவேண்டியதே இல்லை. நீ உள்ள நொழஞ்சாலே உன் வயித்துக்குக் கூண்டுத்திரை மூடமாட்டேங்குதே!"

வெளியே வந்ததும் அண்ணி என்னைக் கடிந்துகொண்டாள். "ஏன்டி அவ வாயைக் கிண்டுற? நாளைக்கு ஊரு முழுக்க என்னைத்தான் பாக்கும்."

சனிக்கிழமை விடிந்தது. மறுநாள் கடைசி ஞாயிறு. மேப்பிள் மரங்களில் சாறு இறங்குகிற பருவம், அண்ணன் வாரக்கணக்காகப் பாகு காய்ச்சும் கொட்டகையிலேயே கிடந்தான். காலையில் சாப்பிட வந்தவன் அண்ணியின் முகத்தைப் பார்த்தான்.

"இதுக்குப் போயி இப்படி ஒடுங்கணுமா? அவரு கேட்டா சரி சாமின்னு சொல்லிட்டு வாயேன். வீட்டுக்கு வந்தா பாக்கப்போறாரு?"

"சரின்னு சொன்னா அதைச் செய்யணும்ங்க. செஞ்சா நான் சாகணும்."

அண்ணன் மாவு அடையைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து போனான். அவன் அப்படித்தான், பேச்சு கனத்தால் மரத்துக்கிடையே ஓடிவிடுவான். எனக்கு வந்த ஆத்திரத்தில் கெட்டிலை அடுப்பில் டமாலென்று வைத்தேன்.

"அண்ணி, கிளம்பு. அக்கரைக்குப் போவோம்."

அக்கரைப் பங்கில் பொமெர்லோ சாமியார். வயதானவர், பாதிச் செவிடு, மீதி நேரம் தூக்கம். யார் என்ன சொன்னாலும் மூன்று 'அருள் நிறைந்த மரியே' செபத்தை அபராதமாகக் கொடுத்து அனுப்பிவிடுவார் என்று பேர். கம்பளிநூல் கொடுத்துவரப் போகிறோம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, குதிரையைச் சறுக்குவண்டியில் பூட்டினேன்.

பாலத்து வழியாகப் போனால் சுற்று, அதோடு வழியெல்லாம் கண்கள். உறைந்துகிடந்த ஆற்றின் மேலேயே போனோம். மார்ச் மாதக் கடைசி, பனிக்கட்டிக்கு மேல் தண்ணீர் நின்றது. வழி காட்ட நட்டிருந்த ஊசியிலைக் கிளைகளில் பாதி சாய்ந்து கிடந்தன. நடு ஆற்றில் பனிக்கட்டிக்கு அடியிலிருந்து ஒரு முனகல் கேட்டது. குதிரை நின்றுவிட்டது.

"இறங்கிடலாமா அண்ணி?"

"ஓட்டு." கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைய, செய்த பாவங்களை எண்ணி ஆத்தும சோதனை பண்ணிக்கொண்டிருந்தாள். "இப்ப உடைஞ்சா நேரா நரகம்தான். அதான் ஓட்டுங்கிறேன்."

அக்கரையில் நூலைக் கொடுத்துவிட்டு, தெரிந்தவர்கள் வீட்டில் தேநீர் குடித்துவிட்டு, மதியத்துக்குப் பிறகு கோவிலுக்குள் போனோம். சுமாரான கூட்டம். அந்நிய முகம் என்று எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். வரிசை நகர நகர அண்ணி என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். "நானா சொல்லிடுறேன் லியோ. கேக்கவேண்டாம். செவிட்டுக் காதுல விழுந்தாலும் சரி, விழலைன்னாலும் சரி. நான் சொல்லிட்டா போதும்ல?" என்றாள். போதும், போதும் என்றேன். அவள் முறை வந்தது. உள்ளே போனாள், திரை விழுந்தது.

அப்போதுதான் எனக்குக் கேட்டது. 'டப்'.

கடிகார மூடி சாத்துகிற சத்தம். வெய்யோ சாமியாருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு ஆளுக்கும் நடுவே பைக்கடிகாரத்தைத் திறந்து பார்த்து, டப்பென்று மூடுவார். எங்கள் கோவிலில் கடைசி பெஞ்சு வரைக்கும் அது கேட்கும். நான் எழுந்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவளிடம், "உள்ள யாரு, பொமெர்லோ சாமிதானே?" என்றேன்.

"இல்லம்மா. இன்னிக்கு எங்க சாமி அந்தக் கரைக்குப் போயிருக்காரு. அங்க உள்ளவரு இங்க. சொந்தச் சாமிகிட்டச் சொல்லக் கூச்சப்படுறவங்களுக்காக மாத்திக்கிட்டாங்களாம். காலைப் பூசையிலதான் சொன்னாங்க."

அடப்பாவமே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆற்றைத் தாண்டி வந்து, யாரிடமிருந்து தப்பித்தோமோ அவர் மடியிலேயே விழுந்திருக்கிறோம். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் அந்தச் செவிட்டு மகராசன் எங்கள் தெருவுக்கே வந்திருப்பார்! திரையை விலக்கி அவளை இழுத்துக்கொண்டு ஓடிவிடலாமா என்று தோன்றியது. பாவசங்கீர்த்தனத்துக்கு நடுவில் யாராவது திரையைத் தொடுவார்களா? தொட முடியாது. செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு மணிகூட உருட்டாமல், திரைக்குக் கீழே தெரிந்த அவள் பூட்ஸின் அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேரம் போனது. வரிசையில் இருமினார்கள். ஒரு கிழவி, "கொலை கிலை பண்ணிட்டு வந்திருக்காளோ?" என்று முணுமுணுத்தாள். கடைசியில் உள்ளே வலைத்தட்டி மூடுகிற சத்தம் கேட்டது. அண்ணி வெளியே வந்தாள். பீடத்துக்குப் போய் அபராதம் செபிக்கவில்லை. நேராக வாசலுக்கு நடந்தாள். பொறுத்தல் கிடைக்கவில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது.

கேட்ட சாமியார்தான் வெளியே சொல்லக்கூடாது, சொன்னவள் சொல்லலாம். சறுக்குவண்டியில் சொன்னாள்.

"முதல் வார்த்தையிலயே தெரிஞ்சுபோச்சு லியோ. எந்திரிச்சு ஓடிரலாம்னு பாத்தேன், கால் வரலை. குரலை மாத்திக்கிட்டுப் பேசினேன். அவருக்கு என்னைத் தெரியலை. மத்ததெல்லாம் சொன்னேன். இதைச் சொல்ல வாயெடுக்கறதுக்குள்ள அவரே கேட்டுட்டாரு."

"ஆறு மாசம்னு சொல்லித் தொலைக்கவேண்டியதுதானே!"

"நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஆனா நான் அவருகிட்டயா பேசுறேன்? ஆண்டவருகிட்டல்ல பேசுறேன். என் பிள்ளை வயசு அவருக்குத் தெரியாதா?" மூக்கைச் சால்வையில் துடைத்துக்கொண்டாள். "மூணு முடிஞ்சிருச்சு சாமி, அது பொறந்தன்னிக்கு நீங்கதான் வந்து எனக்கு அவஸ்தைப்பூசுதல் குடுத்தீங்கன்னேன்."

"ஐயோ! என்ன சொன்னாரு?"

"என்னை அடையாளம் தெரிஞ்சுக்கிட்டாரு. அப்புறம், 'அல்டியா, ஆண்டவர் குடுக்கறதை வேண்டாம்னு தடுக்கமாட்டேன்னு வாக்குக் குடு, இப்பவே பொறுத்தல் தர்றேன்'ன்னாரு. அவர் குடுத்தா நான் செத்துப்போவேன் சாமி, மத்ததுங்களை யாரு பாப்பான்னேன். 'அதை ஆண்டவர் பாத்துக்குவார்'ன்னாரு. அவரு வந்து பால் கறப்பாரா சாமின்னு கேட்டேன்."

எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதே. நான் கேலிக்குக் கேக்கலை, நெஜமாத்தான் கேட்டேன். அவரு குரலும் ஒரு மாதிரி ஆயிருச்சு. 'என்னால முடியாது மகளே'ன்னு ரெண்டு தடவை சொன்னாரு. தட்டியை மூடிட்டாரு."

திரும்பும்போது ஆறு எத்தனை தடவை முனகியது என்று நான் கவனிக்கவில்லை. சாமியார்மேல் கோபம், அண்ணன்மேல் கோபம், அக்கரைக்குப் போகலாம் என்று சொன்ன என்மேலேயே கோபம். இக்கரையில் ஏறியதும் எக்ஸில்டா எதிரே வந்தாள். குதூகலம் தாங்கவில்லை அவளுக்கு.

"எங்க போயிட்டீங்க ரெண்டு பேரும்? இன்னிக்கு நம்ம கோவில்ல பொமெர்லோ சாமி! பாதியிலேயே கொறட்டை விடுறாரு மனுஷன். எல்லாப் பொம்பளைங்களும் முடிச்சாச்சு. இன்னும் உக்காந்துதான் இருக்காரு, ஓடுங்க!"

நான் வண்டியைக் கோவில் பக்கம் திருப்பினேன். "அண்ணி, இறங்கு. ஒரு நிமிஷ வேலை. அவரு தூங்குறப்போ சொல்லிட்டு வந்துடு."

அவள் இறங்கவில்லை. கோவில் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஆசையாகத்தான் பார்த்தாள், நான் பொய் சொல்லவில்லை.

"காலையில அதுக்குத்தான் போனேன் லியோ. ஆனா இப்ப முடியாது. கேக்கற ஒருத்தருகிட்ட ஒருதடவை வாயால சொல்லிட்டேன். இனிமே கேக்காத காதாத் தேடிப்போயி ஓதிட்டு வந்தா, அது யாரை ஏமாத்துறது?" என்றாள். "வீட்டுக்கு ஓட்டு. பசு கத்தும்."

நான் அவளை இறக்கிவிட்டு நேரே பாகுக் கொட்டகைக்குப் போனேன். அண்ணன் ஆவிக்குள் நின்று சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தான். என் வாயிலிருந்து என்னென்ன வந்ததோ, அடுத்த பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டியது அத்தனையும் அங்கேயே சேர்த்துவிட்டேன்.

"ஜாக்கிரதையா இருக்கிறது நீ. பாவி அவளா? நீ குருத்து ஞாயித்துக்கிழமை நெஞ்சை நிமித்திக்கிட்டு நன்மை வாங்கிட்டு வந்த. நாளைக்கு அவ ஒத்தையா பெஞ்சுல உக்காந்திருப்பா, ஊரே பாக்கும். நீ அவளைத் தாண்டிப் போயி நாக்கை நீட்டுவியா? சொல்லுண்ணே, நீட்டுவியா?"

பாகு அடிபிடிக்கிற வாசனை வந்தது. நான் அழுதுகொண்டே வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணி எல்லாருக்கும் முன்னால் ஒரு கோப்பை தேநீர் ஊற்றிக் குடித்தாள். நன்மை வாங்குகிறவர்கள் நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீர் தொடமாட்டார்கள். மூத்த பெண் கொலோம்ப் கோப்பையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணன் எதுவும் குடிக்கவில்லை. குளித்து, கழுத்துப்பட்டை மாட்டி, எங்களுக்கு முன்பே கிளம்பிப்போனான். சே, இவனும் ஒரு மனுஷனா என்று நினைத்தேன்.

கோவிலுக்குள் நுழைந்தால், வெய்யோ சாமியார் கூண்டுக்கு முன்னால் கடைசி நேரத்து நரிகள் வரிசையாக நின்றன. குடிகாரர்கள், மரம் வெட்டப் போய்த் தாமதமாக வந்தவர்கள். அவர்களுக்கு நடுவில் எங்கள் அண்ணன். எக்ஸில்டாவின் புருஷன் அவனை விலாவில் இடித்தான்.

"என்னப்பா எல்ஃபேஜ், நீதான் அப்பவே முடிச்சிட்டியே! ரெண்டு வாரத்துல அவ்வளவு சேத்துட்டியா?"

"விட்டுப்போனது ஒண்ணு இருக்கு" என்றான் அண்ணன்.

அண்ணி அதைக் கேட்டாள். பெஞ்சின் முன்கட்டையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்தன. அண்ணன் உள்ளே போனான். பொடி போடுகிற நேரம் ஆயிற்று, வரவில்லை. பூசைக்கு முதல் மணி அடித்தது. கூண்டுக்குள்ளிருந்து அவன் குரல் கொஞ்சம் உயர்ந்து கேட்டது, வார்த்தை புரியவில்லை. பிறகு தட்டி மூடியது. வெளியே வந்தவன் முகம் காதுவரை சிவந்திருந்தது. வந்து அண்ணிக்குப் பக்கத்தில், பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான். யாரையும் பார்க்கவில்லை.

பூசை நடந்தது. நன்மைக்கு மணி அடித்ததும் கோவிலே எழுந்தது. நானும் எழுந்தேன். அண்ணி முழங்காலை ஒதுக்கி எனக்கும் கொலோம்புக்கும் வழிவிட்டாள். அடுத்தது அண்ணன். அவன் எழுந்து முன்னே போவான் என்று நின்றோம். அவன் எழுந்திருக்கவில்லை. அவனும் முழங்காலை ஒதுக்கினான்.

முன் பெஞ்சில் எக்ஸில்டா திரும்பினாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் திரும்பினார்கள். அண்ணி அவன் கையைப் பிடித்துத் தள்ளினாள்.

"நீங்க போங்க. எந்திரிங்க. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

"உங்களுக்குப் பொறுத்தல் ஆயிருச்சுல்ல?"

"இல்ல" என்றான் அண்ணன். அவனுக்கு மெதுவாகப் பேச வராது, நாலு பெஞ்சுக்குக் கேட்டது. "என்கிட்டயும் கேளுங்க சாமின்னேன். இத்தனை வருஷமா அவகிட்ட கேட்டீங்க, என்கிட்ட ஒருதடவை கேளுங்கன்னேன். கேட்டாரு. என் பொண்டாட்டியக் கொல்லமாட்டேன்னு சொல்லிட்டேன்."

நான் அவர்கள் இருவரையும் தாண்டிப் போய் நன்மை வாங்கினேன். திரும்பி வந்தபோது அண்ணி, ஊரே பார்க்க, அவன் தோளில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தாள்.